‘சரிதானே’ துரை

ஐரோப்பாவிலிருந்து சரக்கு வாங்க வருகிறவர்களில் எத்தனையோ வகை உண்டு. கத்துகிறவர், குடிக்கிறவர், தையலைக்கூட ஒவ்வொன்றாக எண்ணிப் பார்க்கிறவர். இவர்களையெல்லாம் சமாளித்துவிடலாம். நான் சொல்ல வருவது ‘சரிதானே’ துரையை. பதிலைக் கேள்விக்குள்ளேயே மடித்து வைத்து எடுத்து வருகிறவர் அவர்.

சீனாவில், டோங்குவானில் நான் சமையல் செய்யும் ஷூ தொழிற்சாலைக்குத் திடீர்ச் சோதனைக்கு வருகிறேன் என்று இரண்டு வாரம் முன்பே கடிதம் போடுவார். திடீர் என்றால் இதல்லவா திடீர்! உடனே கழிப்பறைக்குச் சோப்பு வரும், வருஷமெல்லாம் பூட்டிக் கிடந்த பின்கதவு திறக்கும், பசை தடவும் பெண்களுக்குப் புது முகமூடி வரும், சமையல்கட்டில் எனக்குப் பெரிய மீனாக ஒன்று வரும். வேகவைத்த மீனின் தலையை விருந்தாளி பக்கம் திருப்பி வைப்பது எங்கள் மரியாதை. துரை எதையும் உற்றுப் பார்க்க மாட்டார். மீன்தான் அவரைக் கண்கொட்டாமல் பார்க்கும்.

கெட்டவரா? ஐயோ, இல்லை. பையில் நெறிமுறைப் புத்தகமே வைத்திருக்கிறார். அவருக்குப் பயம் பசையிடம் இல்லை, பத்திரிகையிடம்.

போன தடவை வந்தவர் புரூக்மன்ஸ். நேராகப் போய் சுய்லான் முன்னால் நின்றார். சுய்லான் என் கொழுந்தனாரின் இரண்டாவது மகள். பசை நெடியில் நான்கு மாதமாக இருமுகிறாள்.

"மூச்சுத் தொந்தரவு ஒண்ணும் இல்லதானேன்னு கேக்குறார்," என்றாள் மொழிபெயர்க்கும் பெண்.

"இன்னைக்கு இல்ல."

மொழிபெயர்த்தவள் ‘இல்லை’யை மட்டும் அவரிடம் சேர்த்தாள். துரை குறித்துக்கொண்டார். சுய்லான் விடவில்லை.

"அக்கா, அவர்கிட்ட கேளுங்க. இந்த முகமூடி நாளைக்கும் எங்ககிட்டயே இருக்கும்தானே?"

முதலாளி பாங் பாய்ந்து வந்தார். "ஏ புள்ள, வாய மூடு. வேலை வேணாமா?"

"மூடித்தானே இருக்கேன் மொதலாளி, நீங்க குடுத்த முகமூடியால!"

வரிசையே சிரித்தது. இந்தத் தடவை அந்தப் பெண் ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தாள். துரையின் பேனா நின்றது. "நல்ல கேள்வி," என்றார். கடிகாரத்தைப் பார்த்தார். சாப்பிட வந்துவிட்டார்.

சாப்பாட்டு மேசையில் பாங்கிடம், "ஜோடிக்கு ரெண்டு யுவான் குறைக்கலாம்தானே?"

"குறைச்சிரலாம் துரை."

எதில் குறைப்பாய் என்று அவர் கேட்கவே இல்லை.

கார் வாசலைத் தாண்டியதும் முகமூடிகளைத் திரும்ப வாங்கினார்கள். சுய்லான் மட்டும் கொடுக்கவில்லை. மறுநாள் அவள் இடத்தில் வேறொருத்தி பசை தடவினாள்.

துரையை ரொம்பத் திட்டாதீர்கள். கடைசியாகச் செருப்பு வாங்கியபோது நீங்கள் அளவு கேட்டீர்கள், நிறம் கேட்டீர்கள், இன்னும் கொஞ்சம் குறைக்கக் கூடாதா என்றும் கேட்டீர்கள். அப்புறம் என்ன கேட்டீர்கள்?