மத்தியான மோடம்

“லைப்ரரில இன்னா, நாய் வளக்கறியா?” என்று கேட்டுக்கொண்டே தசரதன் உள்ளே நுழைந்தபோது, நூலகர் கஜபதி கம்ப்யூட்டருக்குப் போர்த்தியிருந்த துண்டை மடித்துக்கொண்டிருந்தார்.

தசரதனுக்கு எதிர்ச்சாரியில் இஸ்திரிக் கடை. தினமும் பேப்பர் படிக்க வருவார். ‘அமைதி காக்கவும்’ என்ற பலகைக்கு நேர் கீழே உட்கார்ந்து, தெருவுக்கே கேட்கும்படி படிப்பார்.

“நாயா?”

“பின்ன? போன வாரம் மத்தியானம் திருத்தணிலேர்ந்து என் மச்சான் போன் பண்ணிகீறான். எடுத்தவுடனே கீ...ன்னு ஒரே ஊளை. பயந்துபோயி வெச்சுட்டான். அவன் பொண்ணுக்குக் கொயந்த பொறந்துகீது. இன்னிக்குக் கார்டு வந்துதான் எனக்கே தெரியுது!”

“மத்தியானம் நான் சாப்பிடப் போயிடுவேனேய்யா. கம்ப்யூட்டரே ஓடாது.”

“அது உனக்குத் தெரியும். கம்ப்யூட்டருக்குத் தெரியுமா?”

அந்தத் தெருவில் டெலிபோன் இருந்த ஒரே இடம் மண்ணூர்பேட்டைக் கிளை நூலகம். அதனால் தெருவே அந்த எண்ணைத் தன் எண்ணாக வைத்துக்கொண்டிருந்தது. கல்யாணப் பத்திரிகையில்கூட அதை அச்சடித்துப் பக்கத்தில், கூப்பிட்டுத் தருகிற அடுத்தவர் போன் என்பதற்கு அடையாளமாக, ‘பி.பி.’ என்று போட்டுவிடுவார்கள். மணி அடித்தால், பெருக்கித் துடைக்கிற ஜெகதாம்பாள் எடுத்துக் கேட்டு, வேண்டிய வீட்டுக்கு ஓடிப்போய் ஆளைக் கூட்டிவர வேண்டும். நூலக விதிகளில் இப்படி எதுவும் கிடையாது. ஆனால் மண்ணூர்பேட்டையில் விதிகளைவிட உறவுக்காரர்கள் அதிகம்.

அது தொண்ணூற்றெட்டாம் வருஷத்துக் கத்திரி வெயில். தெருநாய்கள் நிழலுக்கு வரிசையில் நின்றன.

கஜபதியின் சர்வீஸ் முழுவதும் ஒரே கதைதான். நல்லது எது வந்தாலும் பூந்தமல்லிக் கிளைக்குப் போகும். அங்கே தேய்ந்தது இங்கே வரும். இரும்பு அலமாரி அப்படித்தான் வந்தது, ஒரு காலில்லாமல். சுவர்க் கடிகாரமும் அப்படித்தான் வந்தது. அது கடைசிவரை பூந்தமல்லி நேரத்தையே காட்டிக்கொண்டிருந்தது. முதன்முதலாக, அட்டைப்பெட்டி பிரிக்காத ஒரு புதுப் பொருள் நேராக மண்ணூர்பேட்டைக்கு வந்திருந்தது. ஒரு கம்ப்யூட்டர். அதைப் போன் ஒயர் வழியாக உலகத்தோடு பேச வைக்க, சோப்புப்பெட்டி அளவில் ஒரு மோடம்.

“இது சோதனைக்குத்தான்” என்று தலைமை அலுவலகத்து மணவாளன் சொல்லியிருந்தார். “ஒரு மாசம் கழிச்சு வருவேன். ஆன்லைன்ல ஒரு புத்தகத்தையாவது தேடிக் காட்டணும். இல்லேன்னா பெட்டி பூந்தமல்லிக்குப் போயிடும்.”

அந்த ஊர்ப் பெயரைச் சொல்லியிருக்க வேண்டியதில்லை. கஜபதிக்கு அன்றைக்கே ரத்தம் சூடேறிவிட்டது.

பட்டணத்தில் நடந்த பயிற்சியில், உட்கார்ந்த இடத்திலிருந்தே தில்லி நூலகம் ஒன்றின் புத்தகப் பட்டியலைத் தன் கண்ணால் பார்த்தார். திரும்பும்போது ஆனந்தம் தாங்காமல் பஸ் கண்டக்டரிடம் அதைச் சொன்னார். கண்டக்டர் சில்லறை கேட்டார். வீட்டில் சோப்பு டப்பாவை மவுஸாகப் பாவித்து மேஜைமேல் நகர்த்தி நகர்த்தி, இரண்டிரண்டு தட்டாகத் தட்டிப் பழகினார்.

“அத இன்னாத்துக்குத் தட்டிகினே கீறே?” என்றாள் மனைவி கஸ்தூரி.

“தட்டினா தெறக்கும்டி!”

“மூடியத் தூக்குனாலும் தெறக்கும்.”

நூலகத்தில் முதல் முயற்சியின்போது ஊரே கூடியிருந்தது. மோடம் முதலில் மணியடித்தது; பிறகு கீச்சிட்டது; பிறகு கொர்ரென்று காறியது. “இன்னா சார் இது, தொண்டையில முள்ளு மாட்டுன பூனையாட்டம்!” என்று ஜெகதாம்பாள் துடைப்பத்தோடு வந்து நின்று, கன்னத்தில் கைவைத்துக் கடைசிவரை கேட்டாள்.

அப்புறம் திரையில் ஒரு படம் மேலிருந்து கீழாக இறங்க ஆரம்பித்தது. முதலில் தலைமுடி. பிறகு நெற்றி. கூட்டம் மூச்சைப் பிடித்தது. நெற்றி முடிந்து புருவம் தொடங்குகிற நேரத்தில் லைன் அறுந்துவிட்டது. அது யார் நெற்றி என்று மண்ணூர்பேட்டை இரண்டாகப் பிரிந்து வாதம் செய்தது.

“கண்டிப்பா வெள்ளைக்காரன் நெத்தி சார்” என்றான் சம்பத். இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறவன், நூலகத்தின் பழைய உறுப்பினன். “இந்த வெயில்லயும் பாரு, வேர்வையே இல்ல.”

கஜபதியின் ஆன்லைன் அனுபவம் மொத்தமும் அந்த நெற்றிதான். அதன்பிறகு எத்தனை முறை முயன்றாலும் பாதியில் அறுந்தது. ஆனாலும் மனிதருக்கு உற்சாகம் குறையவில்லை. இன்று நெற்றி, நாளை மூக்கு என்று காத்திருந்தார். அந்த நேரத்தில்தான் தசரதன் ஊளையோடு வந்து சேர்ந்தார்.

கம்ப்யூட்டரைத் தனியே விடக் கூடாது என்று மேலிடத்து உத்தரவு. அதனால் நூலகம் மூடியிருக்கும் மத்தியான வேளையில், கம்ப்யூட்டர் அறையின் திரைக்குப் பின்னால் ஜெகதாம்பாள் காவல் இருந்தாள். கம்ப்யூட்டருக்குச் சூடு ஆகாது என்று ஒரு புது மின்விசிறியும் மாட்டியிருந்தார்கள். மனிதர்களுக்கு ஆகும் என்பது மேலிடத்தின் கருத்து.

கஜபதி அவளை விசாரித்தார். “மத்தியானம் போன் அடிக்குதா?”

“அடிக்குது சார்.”

“எடுத்தியா?”

“எடுத்தேன். கீன்னு சத்தம் வந்துச்சு. வெச்சுட்டேன்.”

சந்தேகமே இல்லை, மோடம் தானாகவே போனை எடுத்துப் பேசுகிறது என்று கஜபதி முடிவுகட்டினார். மறுநாள் சாப்பிடப் போகும்போது அதன் மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டுப் போனார். சாயங்காலம் தசரதன் வந்தார். “நூம்பல்லேர்ந்து என் சம்பந்தி பண்ணாரு. அதே ஊளை. இன்னிக்குக் கொஞ்சம் ஜாஸ்தி!”

கரண்டே இல்லாமல் கத்துகிறதென்றால் கோளாறு ஆழமானது. சம்பத்தைக் கூப்பிட்டார். அவன் தசரதனைச் சத்தத்தை நடித்துக் காட்டச் சொல்லி, கண்ணை மூடிக் கேட்டான்.

“பேரிங் சார். கேக்கும்போதே தெரியுது.”

ஸ்குரூ டிரைவரை எடுத்து மோடத்தைப் பிரித்தான். நெடுநேரம் உள்ளே பார்த்தான். “பேரிங்கே வெக்கல சார் இதுல! அதான் பிராப்ளம்.”

இருந்தாலும் வந்ததற்கு நாலு சொட்டு எண்ணெய் விட்டு மூடினான். மூடியபிறகு கையில் இரண்டு ஸ்குரூ மிச்சம் இருந்தது. “கம்பெனிக்காரன் எக்ஸ்ட்ராவா போட்டுகீறான்” என்று சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். அதோடு மோடத்தின் பச்சை விளக்கு அணைந்தது. அப்புறம் எரியவே இல்லை.

கஜபதி செத்த மோடத்தைக் காலில்லாத அலமாரியில் வைத்துப் பூட்டினார். ஊளையாவது நின்றதே என்று அன்றிரவு ஆறுதலாகத் தூங்கினார்.

மறுநாள் சாயங்காலம் தசரதன் வந்தார். ஊளை.

கஜபதி ஒரு மத்தியானம் பட்டினியாகப் போன் எதிரிலேயே உட்கார்ந்து பார்த்தார். மணி அடித்தது. பாய்ந்து எடுத்தார். பளிங்கு மாதிரி பேச்சுக் கேட்டது.

“உன்னப் பாத்தா அதுக்கு பயம் சார்” என்றாள் ஜெகதாம்பாள். “நீ நிம்மதியா போயி சாப்பிடு.”

அப்போதுதான் அவர் மூளையில் பொறி தட்டியது. வீட்டுக்கு ஓடினார். “கஸ்தூரி! மோடம் இல்லாமலே வருதுடி! இண்டர்நெட்டு ஒயர்லயே ஊறிடுச்சு! அமெரிக்காவுலகூட இது கெடையாது!”

“ஒயர்ல பூரான் ஊறியிருக்கும். தட்டிப் பாத்து எடு” என்றாள் கஸ்தூரி.

தசரதன் தம் பங்குக்கு ஒரு எலுமிச்சம்பழத்தையும் நாலு பச்சை மிளகாயையும் நூலில் கோத்துப் போனில் கட்டிவிட்டார்.

இந்தக் கோலத்தில்தான், ஒரு நாள் காலையில், சொன்னபடி மணவாளன் வந்து இறங்கினார்.

கஜபதி மனசுக்குள் கணக்குப் போட்டார். அலமாரியில் செத்த மோடம். சம்பத் பையில் ஸ்குரூ. காட்டுவதற்கு இருந்ததெல்லாம் ஒரு நெற்றியின் ஞாபகம். கம்ப்யூட்டர் பூந்தமல்லிப் பஸ்ஸில் ஏறி, ஜன்னலோரமாக உட்கார்ந்து கையசைப்பதுபோல அவருக்குத் தோன்றியது. மணவாளன் இருப்புப் பதிவு, சந்தா, நாற்காலி என்று ஒவ்வொன்றாகப் பார்த்து முடிப்பதற்குள் வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. ஜெகதாம்பாள் வழக்கம்போலத் திரைக்குப் பின்னால் போய்விட்டாள்.

“சார்...” என்றார் கஜபதி. “ஒரு உண்மையச் சொல்லணும்.”

“இருங்க, நான் மொதல்ல சொல்லிடறேன்” என்றார் மணவாளன். “பூந்தமல்லிக்காரங்க ரொம்ப நச்சரிச்சாங்க. ஒரு மாசமெல்லாம் வேணாம், பெட்டியை அனுப்பிடுங்கன்னு சொல்லத்தான் உங்களுக்குப் போன் பண்ணினேன். மத்தியானம்தான் எனக்கு நேரம் கெடைக்கும். எப்பப் பண்ணாலும் மோடம் சத்தம்! சாப்பாட்டு நேரத்துலகூட மனுஷன் ஆன்லைன்ல இருக்காரு! இப்படி ஒரு நூலகரை நான் பாத்ததே இல்ல.”

கஜபதி அலமாரிச் சாவியைச் சட்டைப்பையின் அடிக்குத் தள்ளினார்.

“ஒண்ணும் தேடிக் காட்ட வேணாம். கம்ப்யூட்டர் இங்கயேதான். அடுத்த மாசம் எல்லாக் கிளை நூலகருக்கும் நீங்கதான் வகுப்பு எடுக்கறீங்க. பூந்தமல்லிக்கும் சேத்து.” மணவாளனின் பார்வை போன்மேல் விழுந்தது. “இது என்ன, எலுமிச்சம்பழம்?”

“வைரஸ் வராம இருக்க, சார்.”

மணவாளன் மரியாதையோடு தலையசைத்தார். “எல்லாக் கிளைக்கும் சுற்றறிக்கை அனுப்பிடறேன்” என்று கைகுலுக்கிவிட்டு வெயிலில் இறங்கிப் போனார்.

கஜபதி நாற்காலியில் சரிந்தார். பூந்தமல்லிக்கு வகுப்பு! சந்தோஷத்தில் காது அடைத்தது. ஆனாலும் உள்ளே ஒரு முள் குத்தியது. நான் வீட்டில் மோர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரத்தில், இங்கே ஆன்லைனில் இருந்தது யார்?

போன் மணி அடித்தது.

அவர் எழுவதற்குள் திரை விலகியது. ஜெகதாம்பாள் அரைத் தூக்கத்தில், கண்ணைத் திறக்காமலே, கையை நீட்டி ரிசீவரை எடுத்தாள். எலுமிச்சம்பழத்தை ஒதுக்கினாள். வாயைக் குவித்தாள்.

“கீ........ங்ங்... கொர்ர்ர்ர்... டொய்ங் டொய்ங்... உஷ்ஷ்ஷ்ஷ்...”

ரிசீவரை வைத்துவிட்டுத் திரும்பியவள், வாய் பிளந்து நிற்கிற கஜபதியைப் பார்த்தாள்.

“இன்னா சார் அப்டிப் பாக்கறே? இந்த வெயில்ல எவ போயி ஊடு ஊடா ஆளக் கூட்டியாறது?”