மாமா கட்டிவிட்ட மணிக்கூடு

கல்யாணமாகிப் பன்னிரண்டாம் நாள், பகல் சோற்று மயக்கத்தில் முர்ஷித் படுத்திருந்தான். தலையணைக்கடியில் மாமனார் ஜவுபர் மாமா கல்யாணத்தன்று கையில் கட்டிவிட்ட மணிக்கூடு ஒளிந்திருந்தது. உடம்பு உருக்கு, கண்ணாடியைச் சுற்றிய வரி வளையம் மட்டும் வெள்ளைத் தங்கம். காலையில்தான் அந்த மாடலைப் போனில் தேடிப் படித்திருந்தான்.

ஆணுக்குத் தங்கம் ஹராம். வெள்ளையாய் இருந்தால் மட்டும் விட்டுவிடுவார்களா?

மாமாவிடம் சொல்லலாம்தான். ஆனால் மாமா பள்ளிவாசலை நிர்வகிக்கும் நம்பிக்கையாளர். டோஹாவில் பதினேழு வருடம் லொறி ஓட்டிவிட்டு வரும்போது ஆசையாய் வாங்கிய பொருள். மருமகன் கையில் ஹராமைக் கட்டிவிட்டேனே என்று மனிதர் உடைந்துபோவார்.

கண் சொருகியது. கல்முனைக் கடல் முழுக்க உருக்காய்க் கிடந்தது; அலைகளின் விளிம்பு மட்டும் வெள்ளைத் தங்கம். ஒவ்வோர் அலையும் காலடிக்கு வந்து, "நேரமென்ன மகன்?" என்று கேட்டுவிட்டுத் திரும்பியது.

"நேரமென்ன மகன்? அஸறு தொழப் போவம், மணிக்கூட்டக் கட்டுங்க!"

அலை இல்லை, மாமா.

"கைகால் கழுவி வுழூச் செய்யக்குள்ள தண்ணி படும் மாமா..."

"தண்ணியா?" மாமா அதை வாங்கி வாளிக்குள் அமிழ்த்தி, அடுத்த வீட்டாரையும் கூப்பிட்டுக் காட்டினார். "பாருங்க, ஓடுது!"

அன்றிலிருந்து தெருவே அவன் மணிக்கட்டைப் பார்த்தது.

"கட்டினா கை கடிக்குது மாமி" என்று மறுநாள் மணிக்கட்டைச் சொறிந்தான். மாமி சபியா உம்மா பதறிப்போய், அவன் சோற்றுக் கோப்பையிலிருந்து றாலையும் கணவாயையும் அகற்றினார். "கரப்பன் மகன். புடலங்காய்தான் நல்லம்."

"என்ட கை பட்டாலும் கடிக்குதா?" என்று அவன் மனைவி ஸப்னா மெல்லக் கேட்டாள். இனித் தாங்காது.

மணிக்கூட்டைக் கைலேஞ்சித் துணியில் சுற்றிக்கொண்டு, வெயிலில் மிதந்தபடி, மணிக்கூடு திருத்தும் யாகோப்புவின் கடைக்குப் போனான்.

"அண்ணன், பெரிய கம்பனிக்காரனுகள் ஏன் ஸ்டீலையும் தங்கத்தையும் கலக்கிறானுகள்? முழுக்க ஸ்டீல்ல செஞ்சா என்ன?"

"தங்கம் மிருது தம்பி. கதவு நிலையில பட்டாலே கீறும். அதால உடம்புக்கு ஸ்டீல். ஆனா வரி வெட்டினா வெள்ளைத் தங்கம் மினுங்கிற மாதிரி ஸ்டீல் மினுங்காது. அதால முகத்துக்குத் தங்கம். அடி தாங்க ஒண்டு, ஆள மயக்க ஒண்டு. விலையையும் கூட்டலாமே!"

கல்யாணமும் அப்படித்தான் என்று முர்ஷித்துக்குத் தோன்றியது. தாங்கள் இருவரில் யார் ஸ்டீல் என்றுதான் விளங்கவில்லை.

"இதில இரிக்கிற தங்கத்தக் கழட்டி ஸ்டீல் வளையம் போடுங்க. மாமாவுக்குத் தெரியப்படாது. தெரிஞ்சா மனிசன் நொந்துபோவார்."

யாகோப்பு கைலேஞ்சியைப் பிரித்தார். பூதக்கண்ணாடியைக் கண்ணில் வைத்துப் பார்த்தார். எடுத்துவிட்டுச் சிரித்தார்.

"இது ஸ்டீல் வளையம்தான் தம்பி, கல்யாணத்துக்கு முந்தின கிழமை தங்கத்தக் கழட்டி நான்தான் போட்டுக் குடுத்தன். 'மருமகனுக்குத் தெரியப்படாது, தெரிஞ்சா நொந்துபோவார்' எண்டு உங்கட மாமாவும் இதே கதிரையில இருந்துதான் சொன்னவர்."