நான்கு விரற்கடைக் களவா

எழுமதகு நாட்டுக்காரர்கள் மழையை நம்புவதைவிட மீனை அதிகம் நம்பினார்கள். சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது. மலைமேல் ஒரே ஏரி, கீழே ஏழு மாகாணம், ஏழு மதகு. யார் மதகை எவ்வளவு திறப்பது என்று மண்டையை உடைத்துக்கொண்டே மூன்று தலைமுறை போனபின், யாரோ ஒரு புண்ணியவான் வழி சொன்னான். தலைநகரின் சபை மண்டபத்தில் ஒரு கண்ணாடிக் கடல் கட்டுவோம். மாகாணத்துக்கு ஒரு மீனை அதில் விடுவோம். எந்த மீன் உயிரோடு நீந்துகிறதோ அதன் மாகாணத்து மதகு திறந்திருக்கட்டும். ஏழு மீனும் ஒத்துப்போனால் ஏழு மாகாணத்துக்கும் தண்ணீர். ஆகவே ஒன்றையொன்று கடிக்காத ஏழு மீன்களைப் பொறுக்கியெடுப்பதுதான் அந்த நாட்டு அரசியல். அதைவிட மோசமான அரசியலெல்லாம் உலகத்தில் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

அந்தக் கண்ணாடிக் கடலைச் சும்மா சொல்லக்கூடாது. இரண்டு ஆள் உயரம். உள்ளே உயிருள்ள பவளப் பாறை, அதன்மேல் ஆடுகிற கடல் சாமந்தி. மூன்று நாள் வண்டிப் பயணத்தில் மிடாமிடாவாக வந்து சேரும் உப்புத் தண்ணீர். காலையில் கிழக்கு ஜன்னலைத் திறந்ததும் வெயில் தண்ணீருக்குள் இறங்கும். சுருங்கிக் கிடந்த பவளமெல்லாம் ஆயிரம் விரல்களை விரிக்கும். கடலையே காணாத மலைநாட்டு ஜனங்கள் செருப்பை வெளியே கழற்றிவிட்டு, கைகூப்பி நின்று பார்த்துவிட்டுப் போவார்கள். ஜன்னலைத் திறக்கிறவள் சங்குமணி. பிறந்ததிலிருந்து கடலைப் பார்த்தவள்தான், ஆனாலும் அந்த நேரத்தில் அவளுக்கு ஒவ்வொரு நாளும் உடம்பு சிலிர்க்கும்.

அவள் கழிமுனைக்காரி. ஏழாவது மாகாணம், கடைமடை, அதற்கப்பால் கடல்தான். நாட்டில் மீனைப் பற்றித் தெரிந்தவர்கள் கழிமுனைக்காரர்கள் மட்டுமே என்பதால் கண்ணாடிக் கடலின் பராமரிப்பு அவள் குடும்பத்துக்கு வந்தது. யோசனை கேட்கிற வழக்கம் மட்டும் கிடையாது. மீன்களுக்குள் பொருத்தம் பார்ப்பது அளவை அதிகாரி ஏகாம்பரனாரின் வேலை. எந்த நாழிகையில் எந்த நட்சத்திரத்தில் வலையில் விழுந்தது என்று கேட்டு ஒவ்வொரு மீனுக்கும் ஜாதகம் எழுதுவார். பத்துக்கு எட்டுப் பொருத்தம் இருந்தால் முத்திரை குத்துவார்.

அந்த ஆடி முதல் நாள், மலைமுகடு மாகாணத்திலிருந்து கிளிமீன் வந்தது. மற்ற நான்கு மாகாணங்கள் கோமாளி மீன், வண்ணத்துப்பூச்சி மீன், மஞ்சள் மீன், கடற்குதிரை என்று அனுப்பியிருந்தன. கழிமுனை எப்போதும்போல ஒரு துலக்கியை அனுப்பியது. மற்ற மீன்களின் வாயிலும் செவுளிலும் புகுந்து அழுக்கையும் பேனையும் தின்று சுத்தம் செய்யுமே, நீலக்கோடு போட்ட விரல் நீள மீன், அதுதான் துலக்கி. கடைசியாகப் பேரமைச்சர் மேகவண்ணர், தம் சொந்த மாகாணமான நடுவூரின் மீனைத் தாமே ஒரு கண்ணாடிக் குடுவையில் ஏந்தி வந்தார். புள்ளி புள்ளியாக, பயந்த கண்ணோடு ஒரு களவாக் குஞ்சு. ஏகாம்பரனார் அளந்தார். நான்கு விரற்கடை. பத்துக்குப் பத்துப் பொருத்தம்.

சங்குமணி குடுவையருகே வந்து குனிந்து பார்த்தாள்.

"ஐயா, இது களவாய்யா. வளரும். ஆள் தொடை மொத்தம் வளரும்."

"ஜாதகத்தில் அப்படி ஒன்றும் இல்லையே," என்றார் ஏகாம்பரனார்.

"ஜாதகம் எதுக்குய்யா? வாயைப் பாருங்க. மீனுக்கு மீன் பொருத்தம் பாக்க அது ஒண்ணுதான் வழி. எதெல்லாம் வாய்க்குள்ள போகுமோ அதெல்லாம் அதுக்குச் சோறு."

பேரமைச்சர் அவளைக் கருணையோடு பார்த்தார். "இது ஒரு குழந்தை, அம்மா. ஒரு குழந்தையின்மேல் கொலைப்பழி சுமத்துவதை இந்தச் சபை அனுமதிக்குமா?"

சபை அனுமதிக்கவில்லை. அன்று மாலையே ஒரு சட்டம் வந்தது: நுழையும் நாளில் பதிவேட்டில் எழுதப்பட்ட அளவே ஒரு மீனின் அளவு, அதற்கு மாறாகப் பேசுவது நடுவூரை அவமதிப்பதாகும். சங்குமணி வாயை மூடிக்கொண்டாள்.

களவா வளர்ந்தது. அம்மாடி, என்ன வளர்ச்சி! ஆவணியில் ஒரு சாண், ஐப்பசியில் ஒரு முழம். முதலில் மஞ்சள் மீன் காணாமற்போனது. பாறை இடுக்கில் ஓய்வெடுப்பதாக அறிவித்தார்கள். பிறகு கடற்குதிரை. அடுத்து வண்ணத்துப்பூச்சி மீன். மாகாணத்துக்காரர்கள் முணுமுணுத்ததும் சபை கூடியது. ஏகாம்பரனார் தொண்டையைச் செருமிக்கொண்டு விளக்கம் தந்தார்.

"கண்ணாடிக் கடலுக்குள் விட்ட மீன் எதுவும் கண்ணாடிக் கடலை விட்டு வெளியேறவில்லை. அனைத்தும் உள்ளேதான் உள்ளன. இடம் மட்டுமே மாறியுள்ளது. மேலும், நான்கு விரற்கடை மீன் ஒரு சாண் மீனை விழுங்குவது இயற்கைக்கும் சட்டத்துக்கும் விரோதம். எனவே அவை விழுங்கப்படவில்லை, தாமே மனமுவந்து இணைந்துள்ளன."

இணைந்த மீனின் தண்ணீர், அது எங்கே இணைந்ததோ அங்கே போவதுதானே முறை? மூன்று மதகுகளை அடைத்து, அந்தத் தண்ணீரையெல்லாம் நடுவூர் மதகில் சேர்த்தார்கள். தை பிறப்பதற்குள் கோமாளி மீனும், கிளிமீனும் மனமுவந்துவிட்டன. ஐந்து மாகாணத்தில் பயிர் நின்றபடியே காய்ந்தது. மாட்டை விற்றுவிட்டு ஜனங்கள் நியாயம் கேட்கத் தலைநகருக்கு வந்தார்கள். வந்தவர்கள் கண்ணாடிக்குள் அந்தப் பெரிய மீன் மெல்லத் திரும்புவதைப் பார்த்தார்கள். பொன்னும் கரியுமாகப் புள்ளி, முறம்போல வால், யாரையும் பொருட்படுத்தாத கண். கேட்க வந்ததை மறந்துவிட்டுக் கைகூப்பினார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதன் முன்னால் நின்றிருந்தால் நானும் கூப்பியிருப்பேன்.

சங்குமணிக்கு அந்த மீன்மேல் கோபமே வரவில்லை, அதுதான் விந்தை. அது பசித்தது, தின்றது. அவளுக்கு நினைப்பெல்லாம் துலக்கியின்மேல்தான். அது போனால் கழிமுனைக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. அங்கே அவள் அக்கா பூரணம் அடுத்த நடவுக்கு நாற்றங்கால் உழுது போட்டிருக்கிறாள்.

ஆனால் தினமும் உச்சிவெயில் கூரைத் திறப்பு வழியே தண்ணீரில் நேராக விழும்போது ஒன்று நடந்தது. களவா பாறைக்குமேல் அசையாமல் வந்து நிற்கும். வாயைத் திறக்கும். ஐந்து மீனை விழுங்கிய அந்த வாய்க்குள் துலக்கி தன்பாட்டுக்கு நுழையும், பல் பல்லாகக் கொத்தும், வெளியே வரும். களவா கண்ணைக்கூட உருட்டாது. சங்குமணி அதைப் பார்த்துப் பார்த்து அழுதிருக்கிறாள், பயத்தில் இல்லை. இப்படி ஒரு நம்பிக்கையைக் கடலுக்கு யார் சொல்லிக்கொடுத்தது என்று நினைத்து அழுதாள்.

அடுத்த ஆடி முதல் நாள் கணக்கெடுப்பு. இந்த ஆண்டு சரியாக உச்சிவேளையில் எண்ணப்படும் என்றும், எண்ணும்போது இன்னொரு மீனுக்குள் இருக்கும் மீன் இணைந்ததாகவே கொள்ளப்படும் என்றும் பேரமைச்சர் அதற்கு முந்தைய நாள்தான் அறிவித்தார். விடிந்ததும் சங்குமணி கண்ணாடியருகே வந்து நின்றாள். கழிமுனையிலிருந்து வந்திருந்த பூரணம் அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"அது உள்ள போகாம இன்னிக்கு ஒருநா தடுத்து வைக்கக் கூடாதா, சங்கு?"

"கண்ணாடிய யாரும் தொடக் கூடாதுன்னு உத்தரவு போட்டிருக்காகக்கா."

மணி அடித்தது. களவா வந்து நின்றது, வாயைத் திறந்தது. துலக்கி உள்ளே போனது. ஏகாம்பரனார் எழுத்தாணியை எடுத்தார். அப்போது அந்த வாய் மூடியது.

"கழிமுனையும் மனமுவந்து இணைந்தது" என்று ஏகாம்பரனார் உரக்கச் சொல்லிக்கொண்டே எழுதினார். பூரணம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஏகாம்பரனார் எழுத்தாணியைக் கீழே வைப்பதற்குள், களவாவின் செவுள் கதவுபோலத் திறந்தது. அதன் வழியே, ஒரு செதில் உதிராமல், துலக்கி வெளியே வந்து வெயிலில் ஒரு சுற்றுச் சுற்றியது. ஆயிரம் பேர் ஒன்றாக மூச்சு விட்டார்கள். சிலர் அழுதார்கள். எழுதியதை அடிக்க ஏகாம்பரனாருக்கு வெகுநேரம் பிடித்தது.

"ஏனம்மா," என்று பேரமைச்சர் இறங்கி வந்து கேட்டார், குரலில் உண்மையான வியப்பு. "எல்லோரையும் இணைத்துக்கொண்டது, இதை மட்டும் ஏன் விட்டது?"

சந்தோஷத்தில் சங்குமணிக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு வருஷமாக யாரும் கேட்காததை இப்போது கேட்கிறார்களே என்று அள்ளிக் கொட்டினாள்.

"அது வாயைத் துலக்குதுங்கய்யா. துலக்குற மீனை எந்த மீனும் தொடாது. கடலோட வழக்கம் அது."

பேரமைச்சர் திரும்பி, காய்ந்த மாகாணங்களின் பிரதிநிதிகள் ஐந்து பேரையும் ஒரு பார்வை பார்த்தார். அவர்களும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். சொல்லியிருக்கக் கூடாதோ என்று சங்குமணிக்கு அந்தக் கணத்தில்தான் தோன்றியது.

அந்த வாரமே ஐந்து மாகாணமும் புது மீன் அனுப்பின. ஐந்தும் துலக்கி. ஏகாம்பரனார் ஜாதகம்கூடப் பார்க்கவில்லை. புதுச் சட்டம் ஒன்று மட்டும் எழுதினார்: எந்தத் துலக்கி எத்தனை நாழிகை வாய்க்குள் இருக்கிறதோ, அத்தனை நாழிகை அதன் மதகு திறக்கும்.

ஒரு வாயின் அழுக்கு ஆறு வயிற்றுக்கு எப்படிப் போதும்? கூடி வாழ்ந்த மீன்கள் ஒன்றையொன்று இடித்தன, வாலைக் கடித்தன. கழிமுனையின் துலக்கி இளைத்துப்போய் வரிசையில் கடைசியில் நின்றது. பூரணம் மறுபடி வந்து பார்த்துவிட்டு, தங்கையின் காதோரம் கெஞ்சினாள்: "நம்ம மீனை எப்படியாச்சும் முன்னால போக வையேன்." அவள் வயல் அவளுக்கு. கண்ணாடியைத் தொட நெற்றியைச் சாய்த்த சங்குமணி, உத்தரவு நினைவு வந்து விலகிக்கொண்டாள்.

அந்த ஆண்டு களவா ஒரு மீனையும் விழுங்கவில்லை. அதற்கு அவசியமே இல்லாமல் போயிற்று. நாடே இத்தனை ஒற்றுமையாக இருந்ததில்லை என்று சபையில் தீர்மானம் நிறைவேற்றினார்கள். தீர்மானத்தை ஏகாம்பரனார் முழுவதுமாக வாசித்தார், நீளமானது. உச்சிவெயில் கண்ணாடிக் கடலில் நேராக விழுந்துகொண்டிருந்தது. காலை விருந்து வயிற்றில் கனத்ததால் பேரமைச்சர் மேகவண்ணருக்குக் கொட்டாவி வந்தது. அவர் வாயைத் திறந்ததும், ஆறு மாகாணத்துப் பிரதிநிதிகளும் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு ஓரடி முன்னால் வந்தார்கள்.