மோட்டார் சைக்கிளுக்கு ஏது மூக்கணாங்கயிறு?

புது வண்டி வாங்கியவனுக்கு, பழைய வண்டியில் போகிறவர்களைப் பார்த்தால் பரிதாபம் வரும். எனக்கும் வந்தது. அறுபதுகளில், பட்டாளத்தில் கழித்துப்போட்ட மோட்டார் சைக்கிள் ஒன்றை மலிவாக வாங்கி, அதன் பின்னால் இரும்புத் தண்டு வைத்து ஒரு சின்ன வண்டியைக் கோத்தேன். இனி சிறு விவசாயிக்கு மாடே வேண்டாம் என்பது என் கட்சி. (எனக்கு ஓட்டவே சரியாக வராது என்பதை மட்டும் சொல்லவில்லை.)

“மாடு வைக்கோல் துன்னுது. இது இன்னாடா துன்னும்?” என்றார் என் அப்பா, நைனா.

“பெட்ரோலு. அதுவும் ஓடுனாதான் துன்னும். மாடு சும்மா படுத்துனு இருந்தாலும் துன்னுதே நைனா!”

நைனா அசந்துவிட்டார். “செரி, மல்லாட்டை மூட்டைய செஞ்சி மண்டிக்குக் கொண்டாந்து சேத்துடு. சேத்துட்டா மாட்ட சந்தையில வித்துடறேன்.” (மல்லாட்டை என்றால் எங்கள் பக்கம் நிலக்கடலை.) மறுநாள் காலையில் எங்கள் மாடுகள் செவலையையும் மயிலையையும் சந்தைக்கு ஓட்டிக்கொண்டு அவர் முன்னால் நடந்தார். அந்த இரண்டையும் ஏருக்குப் பழக்கியவன் நான்தான்.

மூட்டைகளோடு நான் பின்னால் கிளம்பினேன். அனந்தபுரம் தாண்டும்வரை ராஜா மாதிரிதான் போனேன். செஞ்சிக் கோட்டை தெரிகிற இறக்கத்தில் பாரம் முதுகில் தள்ளியது. பிரேக் என்று ஒன்று இருப்பதே மறந்துபோய், கயிற்றை இழுக்கிற பழக்கத்தில் கைப்பிடியை நெஞ்சை நோக்கி இழுத்தேன். அது முறுக்கினால் வேகம் கூடுகிற கைப்பிடி; இழுத்த இழுப்பில் முறுக்கிக்கொண்டது. வண்டி சீறியது.

“ஓ... ஓ... ஓவ்!” என்று, ஏர் மாட்டை நிறுத்துகிற அதே குரலில் அடித்தொண்டையில் கத்தினேன்.

மோட்டார் சைக்கிள் கேட்கவில்லை. முன்னால் நடுரோட்டில் போய்க்கொண்டிருந்த செவலையும் மயிலையும் கேட்டன. சட்டென்று நின்றுவிட்டன. நைனா இழுத்துப் பார்த்தார், அசையவில்லை. நான் ஒடித்துத் திருப்பி, பக்கத்து நெல் வயலுக்குள் மூட்டைகளோடு இறங்கினேன். வாயெல்லாம் சேறு. அடிபட்டதைவிட மானம் போனதுதான் வலித்தது.

நைனா என்னைத் தூக்கிவிட்டார். மாடுகளை ஒருமுறை பார்த்தார்.

“நீ சொன்னதும் நின்னது இதுங்க ரெண்டுதான்டா. இதுங்களயா விக்கச் சொன்ன?”

சந்தைக்குக் கிளம்பிய மாடுகள் அன்றே வீடு திரும்பின, மோட்டார் சைக்கிளைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு. பிறகு விற்றது மோட்டார் சைக்கிளைத்தான்.

இன்றும் வீட்டில் நான் குரலை உயர்த்தினால் ஒருவரும் நிற்பதில்லை. என் மனைவி மட்டும் அடுப்படியிலிருந்து சொல்வாள்: “இன்னாத்துக்குக் கத்துற? மாடுங்க இருந்திருந்தா நின்னிருக்கும்.”