மணிலா வால் குழம்பும் எருமையின் பங்கும்

கப்பலேறிப் போய்த் திரும்பி வந்தவனை ஊரில் யாரும் குறுக்குக் கேள்வி கேட்பதில்லை. அவன் கெட்டுப்போவதற்கு அது ஒன்றே போதும். பினாங்கில் ஒரு மளிகைக் கடையில் மூன்று வருஷம் மூட்டை பிரித்துவிட்டு வந்த நான், சூரமங்கலத்தில் ரயிலைவிட்டு இறங்கும்போது பாதிச் சமையல்காரனாக இருந்தேன். வீடு வந்து சேர்வதற்குள் முழுச் சமையல்காரனாகிவிட்டேன். (ஜட்கா வண்டிக்காரரிடம் ஒத்திகை பார்த்ததில் வந்த முன்னேற்றம்.) ரயிலடியில் சாப்பாட்டுக் கடை வைத்து சேலத்தையே ஒரு கலக்குக் கலக்குவதாகத் திட்டம்.

அந்தச் சமயத்தில்தான் என் மாமா ஒரு சம்பந்தம் கொண்டுவந்தார். திருச்செங்கோட்டில் எண்ணெய்ச் செக்கு வைத்திருக்கும் காதர் ராவுத்தரின் மகள் மைமூன். நான் அவள் முகத்தைப் பார்த்ததில்லை, குரலைக் கேட்டிருக்கிறேன். ஒரு கல்யாண விருந்தில், திரைக்கு அந்தப் பக்கம் பெண்கள் பந்தியில், "அடியில கெடக்கற கறியெல்லாம் ஆருக்குங்க ஒளிச்சு வெச்சிருக்கறீங்க?" என்று ஒரு குரல் கேட்டது. அது செக்குக்கார ராவுத்தர் மகள் என்று பக்கத்தில் இருந்தவர் சொன்னார். இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த நான், கட்டினால் இந்தக் குரலைத்தான் கட்டுவது என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

ராவுத்தர் நிதானமான மனிதர். "பையனுக்கு என்னங்க தொழில்?" என்றார். மாமா என் சமையல் பெருமையை எடுத்துவிட்டார். "அப்பிடீங்களா? ஒரு வேளை ஆக்கிப் போடச் சொல்லுங்க. தின்னு பாத்துட்டுச் சொல்றேன்" என்றார் ராவுத்தர். ஈரோட்டிலிருந்து ஒரு ஜவுளிக்கடைக்காரர் மகனுக்கும் மைமூனைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். என் சாப்பாடு சரியில்லையென்றால் அந்தக் குரல் ஈரோட்டுக்குப் போய்விடும்.

மூளையுள்ளவன் பிரியாணி போட்டிருப்பான். நான் யோசித்தேன். பிரியாணி என்றால் சேலத்தில் ஆளாளுக்குக் குறை சொல்வார்கள். யாருமே தின்றிராத ஒன்றைச் செய்தால் யார் குறை சொல்ல முடியும்? ஆகவே மணிலாக்காரர்களின் வால் குழம்பு என்று அறிவித்தேன்.

அதற்கு மூலபுருஷன் பெத்ரோ. பினாங்கில் எங்கள் கடை மாடியில் குடியிருந்த பிலிப்பைன்ஸ்காரன், பாண்டு செட்டில் கிளாரினெட் வாசிப்பவன். ஞாயிற்றுக்கிழமைகளில் மாட்டுவாலை வேகவைத்து, அரைத்த நிலக்கடலையும் வறுத்த அரிசி மாவும் கரைத்து ஊற்றி, வாழைப்பூ, கத்திரிக்காய், நீளப் பயற்றங்காய் எல்லாம் போட்டு ஒரு குழம்பு வைப்பான். அங்கே நம்மவர் வைத்திருந்த கசாப்புக் கடையிலிருந்து நான்தான் வால் வாங்கிக் கொடுப்பேன். சமையலில் என் பங்கு அதோடு சரி. மற்றபடி சாப்பிட்டேன். (நன்றாகவே சாப்பிட்டேன்.) வாழைப்பூவும் கத்திரிக்காயும் நம் சந்தையில் கிடைப்பவை. கடலைக்கோ நம் பக்கத்தில் மணிலாக்கொட்டை என்றே ஒரு பெயர் உண்டு. அப்புறம் என்ன பயம்?

அன்று காலையில் அம்மா அம்மிக்கல்லைக் கழுவிவிட்டு வந்து நின்றாள்.

"மொளகா எத்தன எடுக்கட்டும்?"

"மொளகா கெடையாதும்மா."

"மல்லி?"

"அதுவும் கெடையாது."

"உப்பாச்சும் உண்டா?"

"உப்பு கொழம்புல இல்ல. தொட்டுக்கறதுல இருக்குது" என்று பினாங்கிலிருந்து கொண்டுவந்த பெலாச்சான் டப்பாவைத் திறந்தேன். கூனி இறாலைப் புளிக்கவைத்து இடித்த கட்டி அது. அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "அந்த ஊர்ல அத்தன பேரும் காய்ச்சல்ல பத்தியமாக் கெடக்கறாங்களா கண்ணு?" என்று கேட்டுவிட்டுக் கொல்லைப்புறம் போய்விட்டாள்.

வால் வேகவில்லை. விருந்தாளிகள் வந்தாயிற்று, மதியம் லுஹர் தொழுகையும் முடிந்தாயிற்று. வால் மட்டும் கட்டை மாதிரி கிடந்தது. அதற்குள் கடலையை இடித்துவிடலாமென்று வறுத்து உரலில் போட்டேன். அது தூளாகாமல், எண்ணெய் கக்கிக்கொண்டு உலக்கையில் அப்பியது. எனக்குக் குழப்பமாகிவிட்டது. பெத்ரோ கடையில் வாங்கிவரும் பொட்டலத்தில் கடலை உலர்ந்த தூளாக இருக்கும், காகிதத்தில் எண்ணெய்க் கறைகூட இருக்காது. அதை எப்படிச் செய்கிறார்கள் என்று நான் கேட்டதே இல்லை.

அப்போதுதான் என் அறிவு வேலை செய்தது. எண்ணெய் இல்லாத கடலை என்றால், எண்ணெய் எடுத்துவிட்ட கடலை. எண்ணெய் எடுத்துவிட்ட கடலை என்றால் கடலைப் புண்ணாக்கு. எங்கள் வீட்டு எருமைக்காக அது ஒரு பானை நிறைய இருந்தது. கண்டுபிடிப்பின் மகிழ்ச்சியில் எனக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது. பானையோடு கவிழ்த்து, இடித்து, (அசுத்தம் கூடாதென்று) சலித்து, குழம்பில் கொட்டினேன்.

மாடு வளர்ப்பவர்கள் இந்த இடத்தில் சிரித்திருப்பார்கள். புண்ணாக்கு ஊறும். குழம்பு கெட்டியானது. தண்ணீர் ஊற்றினேன், அதையும் குடித்துவிட்டு இன்னும் உப்பியது. மறுபடி ஊற்றினேன், சட்டி நிரம்பிப் பக்கத்துச் சட்டிக்கும் போனது. கடைசியில் நட்ட கரண்டி சாயாமல் நின்றது. மணிலாவில் இப்படித்தான் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பரிமாறினேன்.

எங்களில் விருந்தென்றால் நாலு பேர் ஒரே தாம்பாளத்தைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவோம், அதற்குச் சகன் என்று பெயர். யார் கை எங்கே போகிறது, எங்கே நிற்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். ராவுத்தர், அவர் தம்பி, மாமா, நான். ராவுத்தர் முதல் வாயை எடுத்தார். மென்றார். கொஞ்சம் நிறுத்தினார். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி மென்றார். மாமா சோற்றைக் கோலம்போல் இழுத்துக்கொண்டிருந்தார்.

வால் வேகக் காத்திருந்ததில் பால் கறக்கிற நேரமே வந்துவிட்டது. கொல்லையிலிருந்து எருமை கத்தியது. அதற்குத் தன் சாப்பாட்டு வாசனை வந்திருக்க வேண்டும், நிறுத்தாமல் கத்தியது. அதைத் தொடர்ந்து அம்மாவின் குரல், தெருமுனை வரைக்கும் கேட்கிற மாதிரி:

"எருமைக்கு வெச்சிருந்த புண்ணாக்குப் பானை காலியாக் கெடக்குதே, எவன்டா எடுத்தது?"

ராவுத்தர் கொல்லைப்பக்கம் திரும்பி, "தேடாதீங்கம்மா. எங்ககிட்டத்தான் இருக்குது" என்றார்.

மாமா கையைத் தாம்பாளத்திலிருந்து எடுத்துவிட்டார். நான் மட்டும் எடுக்கவில்லை. எடுத்துவைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை.

"மொத வாயிலயே தெரிஞ்சு போச்சுங்க தம்பி. இது நம்ம செக்குச் சரக்கு" என்றார் ராவுத்தர். "எத்தனையோ மாட்டுக்கு இதைப் போட்டிருக்கறேன். மாட்டையும் இதையும் ஒரே சட்டியில பாக்கறது இன்னிக்குத்தான். எதுக்குங்க இப்படிப் பண்ணுனீங்க?"

வாயை மூடிக்கொண்டிருந்தால் கொஞ்சம் மானமாவது மிஞ்சியிருக்கும். நான் விளக்கினேன். புண்ணாக்கு மட்டமானதல்ல, கடலையின் சாரமே அதில்தான் நிற்கிறது, எண்ணெய் வெறும் மேற்பூச்சு, எருமைக்குத் தெரிந்த ருசி மனிதனுக்குத் தெரியாமல் போனது காலக்கொடுமை என்று நான் பேசப் பேச, ராவுத்தரின் தோள் குலுங்க ஆரம்பித்தது. தம்பிக்காரரைப் பார்த்து, "கேட்டியா? இருவது வருசமா நான் செக்கு ஓட்டறேன். புண்ணாக்கை இத்தன மருவாதியா ஒருத்தன் பேசிக் கேட்டதில்ல" என்றார். பிறகு மாமாவிடம், "சாப்பாட்டுக் கடையெல்லாம் வேண்டாங்க. கல்யாணத்தை முடிச்சுட்டுப் பையனை நம்ம செக்குக்கு அனுப்பிடுங்க. யாவாரத்துக்கு இந்த வாய் போதும்" என்றார்.

அந்த வாயால்தான் இத்தனை காலம் பிழைத்தேன். நாமக்கல் வரைக்கும் என்னிடம் புண்ணாக்கு வாங்காத மாட்டுக்காரர் குறைவு.

கல்யாணத்துக்குப் பெண் வீட்டுச் சீர்த்தட்டுகள் வந்தன. பழம், கற்கண்டு, பூ. கடைசித் தட்டைப் பட்டுத்துணி போட்டு மூடியிருந்தார்கள். சபையில் துணியை விலக்கினால், உள்ளே ஒரு கட்டி கடலைப் புண்ணாக்கு. அது மைமூனின் யோசனை என்று பிறகு தெரிந்தது. அதிலிருந்து எங்கள் குடும்பத்தில் எந்தக் கல்யாணமானாலும் கடைசிச் சீர்த்தட்டு புண்ணாக்குதான்.

போன மாதம் என் பேத்தி கல்யாணத்தில், மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் அந்தத் தட்டைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் இருந்தவருக்கு விளக்கிக்கொண்டிருந்தார். அது அரபு தேசத்திலிருந்து வந்த வழக்கமாம், கால்நடைச் செல்வம் பெருக வேண்டுமென்று முன்னோர்கள் ஏற்படுத்தினார்களாம். கேட்க நன்றாக இருந்ததால் நானும் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து அதே குரல் வந்தது.

"அரபு தேசமில்லீங்க. மணிலா."