காகக் காவலும் கிருமிப் பிரசங்கமும்

குருநகர் யுவானிஸ் இனிச் செத்தாலும் காகம் கலைப்பதில்லை என்று முடிவெடுத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை.

பன்னிரண்டு வருசமாக அதுதான் அவருக்கு உத்தியோகம். மனைவி லூர்த்தம்மா முற்றத்தில் பாய் விரித்துக் கருவாடு காயப்போடுவாள். யுவானிஸ் தடியோடு குந்தியிருந்து காகம் கலைக்கவேண்டும். அந்த நேரம் பார்த்துத்தான் பூவரசமர நிழலில் அடைக்கலநாதன், பேதுரு, சிமியோன் மூவரும் கடுதாசியோடு காத்திருப்பார்கள். முந்நூற்றிநாலு என்ற சீட்டாட்டத்துக்கு நாலு பேர் வேண்டும். யுவானிஸ் காகங்களோடு சமாதானப் பேச்சுவார்த்தைகூட நடத்திப் பார்த்தார். காகங்கள் ஒப்பந்தத்தை மதிக்கவில்லை.

அன்று தேவாலயத்தில் பூசை முடிந்து பங்கு மண்டபத்தில் சுகாதாரப் பரிசோதகர் ஒருவர் பேசினார். காகமும் புறாவும் குப்பையிலும் கழிவுநீர்க் கானிலும் மேய்ந்து, வயிற்றோட்டக் கிருமியைக் காலிலும் எச்சத்திலும் காவி வருகின்றனவாம். மற்றவர்கள் கொட்டாவி விட்டார்கள். யுவானிஸுக்குக் கண் திறந்தது. ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தார்.

“லூர்த்து, உந்தக் கருவாட்டு வேலையை விடும். காகத்தின்ரை காலிலை சல்மொனெல்லா இருக்காம்!”

“ஆர் அவள்? பறங்கித்தெருப் பெட்டையோ?”

“கிருமியப்பா! நான் என்ன, ஒரு பட்டாளமே காவல் நிண்டாலும் ஒரு காகம் குந்தினால் காணும். ஊர் முழுக்கப் பேதி. மருந்தும் வராத காலம்!”

“அப்ப இவ்வளவு நாளும் நீங்கள் தூங்கி விழேக்கை குந்தின காகங்கள்?”

“அது... அந்தக் காலத்துக் காகம். சுத்தமானது.”

லூர்த்தம்மா அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

“ஓமப்பா, நீங்கள் சொல்லுறது ஞாயம். நாளையிலையிருந்து எங்கடை முத்தத்திலை மீன் காயாது.”

இவ்வளவு லேசில் வென்றதில் யுவானிஸுக்குச் சந்தேகம் வந்திருக்கவேண்டும். வரவில்லை.

மறுநாள் தலை வாரி, பவுடர் பூசி, பூவரசடிக்குப் போனார். ஒருவரையும் காணோம். அடைக்கலநாதன் வீட்டுக்குப் போனால், மனிதன் கொளுத்தும் வெயிலில், இரண்டு கையிலும் தடியோடு நிற்கிறார்.

“அண்ணை, கிட்ட வராதேங்கோ! மீன் காயுது.”

“என்னடாப்பா உது கோலம்?”

“உங்கடை மனிசி விடியவெள்ளன வந்து கிருமிக்கதை சொல்லிப்போட்டா. என்ரை மனிசி வெருண்டுபோய், பொழுதுபடுமட்டும் இதாலை அசையக்கூடாதெண்டிட்டாள். பேதுருவுக்கும் சிமியோனுக்கும் உதே கதிதான்.”

“அப்ப கடுதாசி?”

“கடுதாசியோ! அங்கை ஒரு காகம்! சூ!”

அப்போதுதான் யுவானிஸ் கவனித்தார். நடுவில் கிடந்தது லூர்த்தம்மாவின் பாய்.

“உது எங்கடை பாயெல்லே?”

“ஓம். உங்கடை மீனை மூண்டாப் பிரிச்சு, காஞ்சால் பாதி எங்களுக்கெண்டு சொல்லி, எங்கடை மூண்டு முத்தத்திலையும் போட்டிட்டா. நித்திரை கொள்ளாத காவல்தான் வேணுமாம்.”

மூன்று நாள் யுவானிஸ் பூவரசடியில் தனியே இருந்து கடுதாசியைக் குலைத்துக் குலைத்து அடுக்கினார். நாலாம் நாள் மனைவியிடம் வந்தார்.

“லூர்த்து, அந்தத் தடியை ஒருக்கால் தாருமன்.”

“உங்களுக்கேன் வீண் கரைச்சல்? வேணுமெண்டால் அடைக்கலநாதனைக் கேட்டுப் பாருங்கோ. அவர் சோறு தின்னப் போற நேரம் ஒரு ஆள் தேவையாம்.”

போய்க் கேட்டார்.

அடைக்கலநாதன் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்.