கும்பிட்டுக் கோட்டைவிட்ட ரயில்

எங்கள் ஆட்களுக்கு ஒரு வீட்டுக்குப் போவது சுலபம், வெளிக்கிடுவதுதான் கஷ்டம். "சரி, அப்ப வாறம்" என்று எழும்பிய பிறகும் வாசலில் அரை மணித்தியாலம், காரடியில் கால் மணித்தியாலம், கண்ணாடியை இறக்கி வைத்துக்கொண்டு இன்னும் கொஞ்ச நேரம். லண்டனில் நாங்கள் இருக்கிற தோர்ண்டன் ஹீத்தில் இதனால் யாருக்கும் நட்டமில்லை. ஒரு ரயில் போனால் அடுத்தது வரும் (ரத்துச் செய்யாவிட்டால்). இந்தப் பழக்கத்தை நான் ஜப்பானுக்கும் கொண்டுபோனேன்.

மகள் ஆரணி கட்டப்போகிற கென்ஜி, லண்டனில் அவளோடு வேலை செய்கிற பிள்ளை. அவனுடைய தாய் தகப்பனைப் பார்க்க நாங்கள் எல்லோரும் ஜப்பானில் ஒரு மலையடிக் கிராமத்துக்குப் போயிருந்தோம். மூன்று நாள் ராச உபசாரம். அவர்களுக்கு இங்கிலீஷ் தெரியாது, எங்களுக்கு ஜப்பான் மொழி தெரியாது. ஆகவே பெரியவர்கள் நாலு பேரும் மூன்று நாளும் சிரித்துக்கொண்டே இருந்தோம். எனக்குத் தாடை நொந்துவிட்டது.

திரும்புகிற அன்று சம்பந்தி வீட்டார் ஸ்டேஷன் வரை வந்தார்கள். ஸ்டேஷன் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். ஒரு மேடை, தகரக் கூரை, யாரோ தைத்துப் போட்ட மெத்தைகளோடு குந்தியிருக்க ஒரு வாங்கு, குளிர்பான மெஷின் ஒன்று. டிக்கெட் பார்க்கக்கூட ஆள் இல்லை. நேர அட்டவணையில் ரயிலைவிட வெற்றிடம்தான் கூட.

"அப்பா, ரயில் ஒரு நிமிசம்தான் நிக்கும். இதை விட்டா அடுத்தது ரெண்டு மணித்தியாலம் கழிச்சுத்தான். பிளைட்டும் போயிடும், விளங்குதோ?" என்றாள் ஆரணி.

"ஓம் ஓம், எனக்கு ரயில் தெரியாதே?" (முப்பது வருடம் லண்டன் ரயிலில் தொங்கியவன் நான்.)

ஒற்றைப் பெட்டி ரயில் வந்தது. ஆரணியும் கென்ஜியும் சூட்கேசுகளோடு ஏறிவிட்டார்கள். நான் ஏறுமுன் மரியாதைக்கு ஒருதரம் திரும்பினேன். சம்பந்தி இடுப்புவரை குனிந்தார். பேசாமல் ஏறினால் நாங்கள் என்ன மனிதர்? நானும் குனிந்தேன். அவர் இன்னும் குனிந்தார். விடுவேனா? டாக்டர் வேண்டாமென்று சொன்ன அளவுக்கு வளைந்தேன். சம்பந்தியம்மா குனிய, என் மனைவி கைகூப்பிக்கொண்டு குனிந்தாள். யார் முதலில் நிமிர்வது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் சம்பந்தியின் சப்பாத்துத்தான். நன்றாகப் பொலிஷ் போட்டிருந்தார்.

கதவு மூடுகிற சத்தம் கேட்டு நிமிர்ந்தேன். நாலு பேரும் வழியனுப்ப வந்தவர்கள் என்று டிரைவர் நினைத்திருக்க வேண்டும். வெள்ளைக் கையுறையோடு எங்களுக்கு ஒரு சல்யூட் வைத்துவிட்டு ரயிலை எடுத்தார். ஆரணி இரண்டு கையாலும் யன்னலைத் தட்டிக்கொண்டே போனாள். சம்பந்தி, பழக்கதோஷம், போகிற ரயிலுக்கும் குனிந்தார். நானும்தான்.

போன் அடித்தது. "அப்பா! பாஸ்போட் எல்லாம் என்ர பாக்கில கிடக்கு! இனி எந்தப் பிளைட்?"

கலியாணத்துக்கு முதலே சம்பந்தி வீட்டாருக்கு முன்னால் மானம் கப்பலேறிவிட்டது. அந்த மனிதரோ பிழை தன்னுடையதென்று நினைத்து, மன்னிப்புக் கேட்டு மறுபடி குனிந்தார். நானும் குனியப் போக, மனைவி என் கொலரைப் பிடித்தாள்.

"இன்னொருக்கா குனிஞ்சு பாருங்கோ, நான் இஞ்சையே இருந்திடுவன்!"

மொழி விளங்காவிட்டாலும் மனைவிமாரின் கோபம் விளங்கும்போல. சம்பந்தியம்மா எட்டித் தன் கணவரின் கொலரைப் பிடித்தார். நாங்கள் இருவரும் பிடிபட்ட கோலத்தில் ஒருவரையொருவர் பார்த்தோம். மூன்று நாளில் முதல்தடவையாக மனிதர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு மெஷினில் கோப்பி வாங்கித் தந்தார். இருவரும் அந்த வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் இருந்து குடித்தோம். அப்போதுதான் எனக்கு அவரை உண்மையாகவே பிடித்தது. அடுத்த ரயிலுக்குள் பெண்கள் இருவரும் என்னைப் பின்னாலிருந்து தள்ளி ஏற்றினார்கள். விமானம் போய்விட்டது. மறுநாள் லண்டன் வந்து சேரும்வரை ஆரணி எனக்கு முகம் கொடுக்கவில்லை.

கலியாணமும் முடிந்துவிட்டது. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் சம்பந்தியோடு வீடியோ கோல். முடிக்கும்போதுதான் பிரச்சினை. அவர் குனிவார், நான் குனிவேன், திரையில் இரண்டு வழுக்கைத் தலைகள் மட்டும் தெரியும். கடைசியில் ஆரணி வந்து, "அப்பா, ரயில் வெளிக்கிட்டுட்டுது" என்று போனைப் பறித்து வைப்பாள்.